நல்ல நிலையில் உள்ளது

அப்பாவின் வலது கையைப் பக்கெட்டில் முக்கி, பழைய பல்துலக்கியால் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். சிமெண்ட் போகவில்லை. கட்டைவிரலில் சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் பிடித்திருந்தது. போதும் விடு என்றாள் அம்மா. அவள் விடவில்லை. இன்னும் இரண்டு தேய்ப்பில் தோல் வந்துவிடும் என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்துத் துடைத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

காலை ஆறரைக்கு நடந்தது. ஏணியிலிருந்து இறங்கியவர் நெஞ்சை நீவிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் வந்த பெண் நாடி பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுச் சந்தில் நாலு பேர் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது. அதனால் இருபத்திரண்டு வருடம் அவர் காவல் காத்த சமுதாயக் கூடத்திலேயே இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாக முடிவு.

ஊரில் அவருக்கு ‘சாவி’ என்று பெயர். மந்திரியே வந்தாலும் சாவி காலைக் கழுவச் சொல்லித்தான் உள்ளே விடுவார் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அது கேலி இல்லை, தனக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்த மனிதர்.

கூடத்துக்குப் புதுக் கூரை போடவும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவும் ஊராட்சி நிதி கேட்டு மூன்று முறை மனு போனது. மூன்று முறையும் பொறியாளர் வந்து பார்த்தார். மூன்று முறையும் ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மழை பெய்தால் உள்ளேயும் குடை பிடிக்கிற கூடம் எப்படி நல்ல நிலையில் இருக்கும்?

வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் நாலாவது மனுவை எழுதும் வேலை மகளுக்கு வந்தது. பழைய கோப்பில் இருந்த போட்டோக்களைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கழுவிய தரை. வெள்ளையடித்த சுவர். ஒட்டடை இல்லாத கூரை. பொறியாளர் வருகிறார் என்று தெரிந்ததுமே அப்பா ஒரு வாரம் ராப்பகலாக நின்று, சிமெண்டில் முக்கிய சாக்குத் துண்டால் ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து வைத்திருக்கிறார். அடுத்த மழைக்கு அது பெயர்ந்து விழும். அதற்குள் பொறியாளர் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கத்தினாள். உங்க சுத்தத்தாலதான் இந்த ஊருக்கு ஒரு மண்ணும் கிடைக்கல என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:

"வர்றவங்க முன்னாடி ஓட்டையக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"ஆமா. அதுக்குத்தான் அவங்க வர்றாங்க."

அவர் குனிந்து அடுத்த கவளத்தை உருட்டினார். சரி என்று ஒத்துக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள். தூரத்திலிருந்து வந்திருந்த அத்தை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒதுங்க எங்கே போவது என்று மெல்லக் கேட்டாள். மகள் பின்னால் இருந்த முட்புதரைக் கை காட்டினாள். அத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே இரண்டு ஆண்கள் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை திரும்பி வந்து காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அம்மா கூடத்தில் பெருக்குகிற நாட்களில் தண்ணீரே குடிக்க மாட்டாள். இன்றும் யாரோ கொடுத்த டம்ளரை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு, நாலாவது மனுவுக்காகக் கூடத்தைப் பார்க்கப் பொறியாளர் வந்தார். சாவு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று வாசலில் நின்றார். ஊராட்சித் தலைவர் ஓடிப்போய், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சினார். இன்றோடு கோப்பை மூடுகிறார்கள், இனிமேல் ஐந்து வருடம் கழித்துத்தான் என்றார் பொறியாளர். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

மகள் எழுந்து போனாள். "அதெல்லாம் ஓட்டை சார். அடைச்சு வச்சிருக்கு."

"அடைச்சிருக்கு இல்லம்மா? நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்."

"இன்னிக்கு வேணாம்மா," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "அப்பா படுத்திருக்கார்."

அவர் படுத்திருப்பது அவளுக்கும் தெரியும். சுவரில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதல் அடைப்பு இன்னும் ஈரமாக இருந்தது. சாக்கில் விரல் பதிந்த தடம் தெரிந்தது. அதைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு குத்தினாள். சொத்தென்று தரையில் விழுந்தது.

உட்கார்ந்திருந்தவர்கள் விலகினார்கள். ஒரு பெரியவர், பெத்த அப்பன் செஞ்சதை அவர் கண்ணெதிரிலேயே இடிக்கிறாளே, படிச்ச திமிர் என்றார். மூடிய கண் எப்படிப் பார்க்கும் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. ஏணியை நகர்த்தினாள். இரண்டாவது. மூன்றாவது. காய்ந்துபோனவற்றுக்கு நாலைந்து குத்து வேண்டியிருந்தது. முடியெல்லாம் தூள். பொறியாளர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். ஒவ்வொரு முறையும் அப்பா படத்தில் விழாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஏழு ஓட்டை. கை வலித்தது. அவளுக்குத் தெரிந்தவை அவ்வளவுதான். ஏழு போதுமா என்று இறங்கி வந்து கேட்டாள். பொறியாளர் காகிதத்தைப் புரட்டினார். ஏழு என்றால், பழுது பார்த்தால் போதும் என்றுகூட மேலதிகாரிகள் சொல்லிவிடுவார்கள், புதுக் கூரையோடு கழிப்பறையும் கிடைக்காமல் போய்விடும் என்றார்.

அதுவரை உட்கார்ந்த இடத்திலேயே இருந்த அம்மா எழுந்தாள். மேலே பார்க்கவில்லை.

"மேடைக்கு மேல மூணு இருக்கு. அடைச்சதுக்கு மேலயே வெள்ளையடிச்சிருக்காரு, உனக்குத் தெரியாது. நான்தான் ஏணியப் புடிச்சேன்."

ஏணியை மேடைக்குத் தூக்கிப் போனாள். அதன் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் ஏறினாள்.

பத்தாவது விழுந்தபோது உச்சி வெயில். பொறியாளர் ஒரு பக்கம் முழுக்க எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்பாவின் காலருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். அத்தைதான் முதலில் கவனித்தாள், வெயில் அவர் முகத்தில் நேராக அடிப்பதை. நாலு பேர் வந்து இரண்டு பெஞ்சையும் சேர்த்துத் தூக்கினார்கள். சன்னல் பக்கம் கொண்டு போனார்கள். அங்கேயும் ஒரு வட்ட வெயில். மேடைப் பக்கம் திரும்பினார்கள், அங்கே மூன்று. எங்கே வைப்பது என்று தெரியாமல், தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.