எம்.பி.க்கு மீன் கொத்தவேண்டும்

அந்தச் சனிக்கிழமை யேசுரட்ணத்துக்கு ஒரு மீன் தேவைப்பட்டது. தனக்கல்ல, ஒரு எம்.பி.யின் தூண்டிலுக்கு. மீன் கொத்தினால் எம்.பி.க்கு மனம் குளிரும். குளிர்ந்தால், கொப்பன்ஹேகனில் ஏதோவொரு அலுமாரிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் அவனுடைய விண்ணப்பத்தை அவர் தட்டி எழுப்புவார். எழுப்பினால், கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறையொன்றில் இரண்டு பிள்ளைகளோடு கிடக்கிற அவன் மனைவி யூலியானா விமானம் ஏறுவாள். திட்டம் தேவராசாவுடையது.

தேவராசா டென்மார்க்கின் சில்க்போர்க் ஊர்த் தமிழர் சங்கத்தின் தலைவர். அவரைத் தெரிவுசெய்த கூட்டத்துக்கு அவரும், மனைவி விமலராணியும், விமலராணியின் தம்பியும் தவறாமல் வந்திருந்தார்கள். விமலராணியை அவர் எண்பத்தைந்திலேயே ஊரிலிருந்து கூப்பிட்டுவிட்டார். ஆகவே பொறுமையைப் பற்றி மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமும் அவரால் பேச முடிந்தது. இப்போது எண்பத்தெட்டு, இலை கொட்டுகிற காலம். பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடக் கேட்ட தமிழர்களின் விண்ணப்பம் ஒன்றுகூட அசையவில்லை. கேட்டால் வரிசையில் இருக்கிறது என்பார்கள். வரிசை முன்னுக்குப் போகிறதா பின்னுக்குப் போகிறதா என்று எவனும் சொன்னதில்லை.

யேசுரட்ணம் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் கழுவுகிறவன். அவனுடைய போர்மன் பிரேபெனுக்கு ஊருக்கு வெளியே ஒரு குளம் இருந்தது. பிரேபென் பண்ணையிலிருந்து ட்ரவுட் மீனை லொறியில் கொண்டுவந்து அதற்குள் கொட்டுவான். கனவான்கள் டிக்கெட் எடுத்து, தொப்பி போட்டு, தொடைவரை றப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டு, காலையில் கொட்டிய மீனை மத்தியானம் பிடிப்பார்கள். பிடித்ததும் புலி அடித்தவன் முகத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். லொறியிலிருந்து மீன் இறக்க யேசுரட்ணம் சனிக்கிழமைகளில் அங்கே போவான். மன்னார்ப் பேசாலையில் கடலோடிய அவனுக்கு முதல் நாள் இதைப் பார்க்கச் சிரிப்பு அடங்கவில்லை.

"சந்தையிலை மீனை வாங்கிக் கடலுக்கை விட்டிட்டு, பிறகு வலை வளைக்கிற மாதிரியல்லோ இருக்கு!"

"வாயைப் பொத்து," என்றார் தேவராசா. "உதைத்தான் நாகரிகம் எண்டிறது."

ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் ஆண்டுதோறும் பிரேபெனின் குளத்துக்கு வருவார் என்று அறிந்ததும் தேவராசா துள்ளிக் குதித்தார். "நான் கதைக்கிறன். நீ சும்மா நில். ஆனா ஒண்டு, அவர் வெறுங்கையோடை போகக்கூடாது. அது உன்ரை பொறுப்பு."

பொறுப்பை யேசுரட்ணம் தலையில் ஏற்றிக்கொண்டான். சனிக்கிழமை விடிய லொறி வந்தது. அன்றைக்கு வந்தவை வயிறு சிவந்து, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ட்ரவுட். இந்தச் சாதி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பிரேபென் பெருமையாகச் சொன்னான். ஒருவரும் அவற்றிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. குழாய் வழியாக வழுக்கிக்கொண்டு குளத்துக்குள் குடியேறின.

மீன்கள் வயிறு ஒட்டிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தன. பிரேபென் கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து யேசுரட்ணம் தான் கொண்டுவந்த வாளியைத் திறந்தான். அரைத்த பன்றி ஈரல், குழைத்த சோறு. இரை போட்டு மீனைக் கூட்டுகிற வழக்கம் ஊரில் உண்டு. எம்.பி. உட்காரப்போகும் கதிரைக்கு நேரே முழு வாளியையும் கவிழ்த்தான். தண்ணீர் கொதித்தது. மீன்கள் அடிபட்டுத் தின்றன. இனி எம்.பி. நூலை விட்டால் போதும் என்று அவன் கையைக் கழுவினான்.

எம்.பி. நூலை விட்டார். செயற்கைப் பூச்சி தண்ணீரில் அழகாக விழுந்தது. மீன்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. எம்.பி. பூச்சியை மாற்றினார். இடத்தை மாற்றினார். கடைசியில் முகத்தையும் மாற்றிக்கொண்டார்.

பிரேபென் தலையைச் சொறிந்தான். "எனக்கு விளங்கவில்லை. பண்ணையில் நாட்கணக்காய்ப் பட்டினி போட்டுத்தான் அனுப்புவார்கள். பட்டினி கிடந்தால் சிகரெட் கட்டையையும் கொத்தும்."

தேவராசா மெல்லத் திரும்பினார். யேசுரட்ணத்தின் முகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"டேய், என்ன செய்தனி?"

"சாப்பாடு போட்டனான் அண்ணை."

"ஆருக்கு?"

"மீனுக்கு."

"மீனுக்கோ! கலியாண வீடெண்டு நினைச்சியோ? பாயும் விரிச்சு விட்டிருக்கலாமே!"

"நீங்கள்தானே சொன்னியள், வாறவையை முதலிலை சாப்பிட வைச்சிட்டுத்தான் அலுவல் கதைக்கவேணுமெண்டு."

"அது எம்.பி.க்கடா மடையா!"

எம்.பி.யைச் சாப்பிட வைத்தார்கள். விமலராணி பொரித்த றோல்ஸும் கட்லற்றும், பிறகு சோறும் ஆட்டுக்கறியும். எம்.பி. வியர்த்து வழியத் தின்றார். வெறும் வயிற்றுக்காரனிடம் உதவி கேட்பது மரியாதையில்லை என்பதால் தேவராசா பொறுத்திருந்தார். கடைசிக் கட்லற்றும் உள்ளே போனபின் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தமிழின் தொன்மையில் தொடங்கினார். சோழருக்கு வந்தபோது எம்.பி. பெல்ட்டைத் தளர்த்தினார். வெள்ளைக்காரன் இலங்கைக்கு வந்தபோது எம்.பி.யின் கண் சொருகியது. விசாவுக்கு வந்தபோது அவர் எழுந்து கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"விளங்குகிறது, விளங்குகிறது," என்றார். "ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. தூண்டில் போடுகிறவனுக்குத் தெரியும், பொறுமைதான் முக்கியம்."

சும்மா நிற்கச் சொல்லப்பட்ட யேசுரட்ணத்துக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. தொழிற்சாலையில் பொறுக்கிய டேனிஷில் சொன்னான்: "மீன், அமெரிக்கா. காலையில் லொறி. உடனே உள்ளே. வரிசை இல்லை. என் மனைவி, மனிசப்பிறவி. இரண்டு வருசம். வெளியே."

எம்.பி. ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்ல பகிடி! மிக நல்ல பகிடி!" அவன் தோளில் தட்டினார். பிரேபென் லொறித் தொட்டியில் மிஞ்சிய ட்ரவுட் ஒன்றை வலையால் அள்ளி நீட்டினான். எம்.பி. அதைத் தூண்டிலோடு சேர்த்துப் பிடித்து, புலி அடித்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்டார். மீனும் அவரும் காரில் போனார்கள்.

"கெடுத்துப்போட்டியே எண்டு பாத்தன்," என்றார் தேவராசா, பாத்திரங்களை அடுக்கியபடி. "இல்லை, ஆள் சிரிச்சிட்டார். மனசிலை விழுந்திட்டுது. இனிப் பார், ஒரு மாதத்துக்குள்ளை அலுவல் முடியும்."

அடுத்த வாரம் சங்கத்தில் இதையே மேடை போட்டுச் சொல்வார் என்பது யேசுரட்ணத்துக்குத் தெரியும். அவன் வாளியைக் கழுவினான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தான். யூலியானா ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"இஞ்சாருங்கோ, அவர் வந்தவரோ?"

"ஓம்."

"சாப்பிட்டவரோ?"

"வயிறு முட்ட."

"என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர்."

"சிரிச்சவரோ? அப்ப நல்லம்தானே! நத்தார்ப் பெருநாளுக்கு முதல் வந்திடுவம், என்ன?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆண்டுகளில் டென்மார்க்கிலிருந்து போன ரெலிபோன்களில் பாதி அந்த ஒரு சொல்லில்தான் ஓடின. அவனே எத்தனை தரம் சொல்லியிருக்கிறான்.

"இல்லை யூலி. உவங்கள் விடமாட்டாங்கள். இப்ப இல்லை. நீ பிள்ளையளை அங்கை பள்ளிக்கூடத்திலை சேர்."

அந்தப் பக்கம் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு விசா வந்தா?"

"வந்தா நிப்பாட்டலாம். வராட்டி அதுகள் எழுத்துத் தெரியாமல் நிண்டிடுங்கள்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கவேணும், ரெண்டு பேருக்கும்."

"தை," என்றான் யேசுரட்ணம். "வளருங்கள். கொஞ்சம் பெரிசாத் தை."