காளைக்கு இடம் இருந்தது

சின்னமனூரில் காலை ஆறு மணிக்கு ஒருவர் கண்ணை மூடினால், எட்டு மணிக்கு அவர் போட்டோ என் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எல்லாமும் அடிப்பேன். ஆனால் சாவுதான் அவசர வேலை. இருபது வருடத்தில் எத்தனையோ முகங்களை வெள்ளையாக்கி, உயிரோடு இருந்தவரை சட்டைப் பொத்தான்கூடப் போடாதவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறேன். ஒருத்தருக்காகவும் அழுததில்லை.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கத் தேர்ந்தெடுத்தார்கள். தேனியிலிருந்து ஜெபஷீலா என்கிற மனநல ஆலோசகர் வந்தார். அவருடைய அறக்கட்டளை ஊர்க்காரர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறதாம்.

"பிள்ளைக எங்க ஆபீசுக்கு வந்தா வாயத் தொறக்காதுக அண்ணே. அதுக புழங்குற இடத்துலதான் பேசும்" என்றார்.

டெய்லர் சுந்தர்ராஜ், வடைக்கடை ஞானபாக்கியம், நான். மூன்று பேருக்கும் மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அதற்கான பேனரை நான்தான் அடித்தேன். ஜெபஷீலா போட்டோவைவிட என் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டேன்.

பயிற்சியில் மூன்று விஷயம் சொன்னார்கள். அழாதே என்று சொல்லக் கூடாது. பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது. பிள்ளை பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவது எனக்கு ஆகவே ஆகாது என்று ஜெபஷீலாவை என் மனைவி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

என் பங்குக்கு வந்தவள் பாண்டீஸ்வரி. ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா தங்கப்பாண்டியன் வாழைத்தார் லாரி ஓட்டியவர். மாரடைப்பில் போய் அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பா என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்றுகூடச் சொல்வதில்லையாம்.

"இப்பிடியே இருந்தா எம்புள்ள என்னத்துக்கு ஆகும்ணே" என்று அவள் அம்மா ஹேமாவதி கடை வாசலில் நின்று கேட்டாள். பயிற்சியில் அது வரவில்லை.

தினமும் நாலரைக்கு வருவாள். கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்ப்பாள். ஐந்தரைக்கு எழுந்து போய்விடுவாள். முதல் நாளே, "அப்பா சாமிகிட்ட சொகமா இருக்காக ஆத்தா" என்று சொல்லித் தொலைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நான் பயிற்சிப்படி நடந்துகொண்டேன்.

சனிக்கிழமைதோறும் ஜெபஷீலாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 'பேசவில்லை. மிக்சர் சாப்பிட்டாள்' என்று மூன்று வாரம் அனுப்பினேன். நாலாவது வாரம் மிக்சரும் சாப்பிடவில்லை.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை. குச்சனூர்ப் பெரியவர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். பெயர்ப் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், இடம் போதவில்லை. கடைசியில் இருந்த பேத்திகள் மூன்று பேரைத் தூக்கினேன்.

"இப்பிடித்தான் எம்பேரையும் எடுத்தீகளா?"

கடையில் வேறு யாரும் இல்லை. பேசியது அவள்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எதுல ஆத்தா?"

"எங்கப்பா பேனர்ல. நாப்பத்தொரு பேரு இருக்கு. நான் இல்ல."

சாவு முடிந்ததும் பேனர் வீணாகப் போகாது. மழைக்கு நன்றாகத் தாங்கும். தங்கப்பாண்டியனின் பேனரை அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார்கள், படம் உள்பக்கமாக. தினமும் காலையில் காளைக்குத் தண்ணீர் காட்டும்போது பிள்ளை அண்ணாந்து படித்திருக்கிறாள். ஏழு மாதமாக.

"வெள்ளக்கொம்பன்கூட இருக்கு மாமா" என்றாள். வெள்ளக்கொம்பன் அவர்கள் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை.

பழைய ஃபைலைத் திறந்தேன். பங்காளிகள், மாமன்மார், கபடிக் குழு, லாரி ஓட்டுநர்கள், அப்புறம் மாலை போட்ட போட்டோவோடு காளை. அவள் சித்தப்பா சுரேஷ்கண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலையும் தேடி எடுத்தேன். கடைசி வரி, 'மகள் பாண்டீஸ்வரி'. காளைக்கு இடம் போதாமல் நான் தூக்கிய வரி. காளையை எடுத்தால் பங்காளிகள் கடையைத் தேடி வருவார்கள், சின்னப் பிள்ளையா வந்து கேட்கப்போகிறது என்று நினைத்திருப்பேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. பழியைச் சித்தப்பா மேல் போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. அவரோ திருப்பூரில் இருக்கிறார். இந்தப் பிள்ளை போய்க் கேட்கவா போகிறது? வாய்வரை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா எழுதித்தான் குடுத்தாக" என்றேன். "எடம் பத்தலன்னு நான்தான் எடுத்துட்டேன். தப்பு எம்மேலதான் ஆத்தா."

"அப்ப சித்தப்பா என்னைய விடலையா?"

"விடல."

"அம்மா?"

"யாரும் விடல. நான் ஒருத்தன்தான்."

அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். நானும் பேசாமல் இருந்தேன். என் மனைவி பார்த்திருக்க வேண்டும்.

"புதுசா ஒண்ணு அடிக்கவா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"யார் யாரு பேரு போட?"

"நான் மட்டும்."

"காளை?"

"இருக்கட்டும். ஓரமா."

தங்கப்பாண்டியன் படத்தைப் பெரிதாக்கினேன். நான் மாட்டிவிட்டிருந்த கோட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றி, லாரிக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய போட்டோவை வைத்தேன். கீழே வழக்கம்போல 'கண்ணீருடன்' என்று அடித்தேன்.

"அது வேணாம் மாமா. நான் இன்னும் அழுகல."

இருபது வருடமாக எல்லாப் பேனரிலும் போட்டு வருகிற வார்த்தை. நிஜமா என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. அழித்துவிட்டு, 'மகள் பாண்டீஸ்வரி' என்று மட்டும் வைத்தேன். எழுத்தை மூன்று தடவை பெரிதாக்கச் சொன்னாள்.

மெஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அப்பா முகம் வந்தது. பிறகு கை, லாரி, காளை. கடைசியில் அவள் பெயர். மை காய்வதற்குள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள். யார் தொட்டாலும் கத்துகிறவன் நான். அன்று கத்தவில்லை.

கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்து "அப்பா" என்று அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகை இல்லை. ஏழு மாத அழுகை. எதிர்க் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். "ஏலே, புள்ளய என்ன பண்ணுன?" என்றார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

ஹேமாவதி வந்து சேர்ந்தபோது ஆறு மணி. அம்மா மடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாண்டீஸ்வரி எழுந்து என்னிடம் வந்தாள்.

"மாமா, இப்ப அந்த வார்த்தையப் போடுங்க."

அடித்ததைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.