பெயர் சொல்லாத மன்னிப்பு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் லம்ரியா அம்மாவைப் பாயில் உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்தாள். அம்மாவின் இடது கால் மடங்காது. அதை நீட்டிவைத்து மேலே சால்வையைப் போர்த்தினாள். நடுவில் சோற்றுப் பானையும், மஞ்சள் மசாலாவில் நாள் முழுக்க வற்றவைத்த கெண்டை மீனும் மூடியபடி இருந்தன. ஏரிக்காற்றில் மலைமிளகின் வாசனை வீடெங்கும் பரவியிருந்தது.

தோபா ஏரிக்கரையில் பத்தாக் இனத்தவர் வீடுகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். வருடம் பிறந்ததும் குடும்பம் வட்டமாக உட்காரும். இளையவரில் தொடங்கி மூத்தவர்வரை ஒவ்வொருவராகப் பேசவேண்டும். நன்றி சொல்லலாம், மனக்குறையைச் சொல்லலாம், செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் மற்றவர்கள் மன்னித்தோம் என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. மூத்தவர் பேசி ஜெபம் செய்து முடிக்கும்வரை சாப்பாட்டு மூடியைத் திறக்கவும் கூடாது. பிற வீடுகளில் இதை நள்ளிரவிலேயே முடித்துவிடுவார்கள். அம்மாவால் விழித்திருக்க முடியாததால், அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் மறுநாள் காலைதான்.

முதலில் அண்ணன் சஹாலாவின் மகள் தியுர்மா பேசினாள். ஒன்பது வயது.

"அத்தை ஒளிச்சு வச்சிருந்த பிஸ்கட்டுல பாதிய நான்தான் தின்னேன். மன்னிச்சிருங்க. மீதிய அப்பா தின்னாரு."

எல்லோரும் சிரித்தார்கள். "மன்னிச்சாச்சு" என்றாள் அம்மா. "உங்கப்பன் தின்னதுக்கு அவனே கேட்டுக்கட்டும்."

அடுத்தது லம்ரியா. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை.

"அண்ணன் பேசட்டும். நான் கடைசியா பேசுறேன்."

"ஏன் லம்ரியா, ஒரே வருசத்துல எங்க எல்லாரையும்விட மூத்தவளாயிட்டியா?" என்றாள் அண்ணி நூர்மலா. அவர்கள் குடியிருக்கும் தூரத்து நகரமான பெகாசியிலிருந்து வந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. தன் பங்குக்கு இரண்டு வரி நன்றி சொல்லி முடித்தாள்.

சஹாலா தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆண்டவருக்கு நன்றி சொன்னான். அம்மாவின் உடம்புக்காக வேண்டினான். பிறகு தங்கையைப் பாராமல், "நான் தெரிஞ்சோ தெரியாமலோ யாருக்காவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்றான்.

போன வருடமும் இதே வார்த்தைகள்தான். அப்போது அவன் அழவும் செய்தான். அம்மாவை இவள் தலையில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று அழுகிறான் போலும் என நினைத்து லம்ரியாவும் அழுதாள். எல்லோருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்து, மன்னிச்சிட்டேன் அண்ணே என்றாள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பின்சார் அவளிடம் பேசியிருந்தான். பக்கத்து ஊரான போர்சேயாவில் வாத்தியார், அவள் பாடும் சபைப் பாடகர் குழுவில் பின்வரிசை. "அறுவடை முடியட்டும், மாமாவ உங்க வீட்டுக்குப் பொண்ணு கேக்க அனுப்புறேன்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அறுவடை முடிந்து கிறிஸ்துமஸும் வந்துபோனது, மாமா வரவில்லை. புது வருடத்தில் பின்சார் அவளைக் கண்டாலே பாட்டுத்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அக்டோபரில் அவனுக்கு வேறொரு பெண்ணுடன் கல்யாணம் நடந்தது. லம்ரியா போய்ப் பாடிவிட்டு வந்தாள். அந்தப் பந்தலில்தான் அவன் மாமா மனஹான், கல்யாணத்தில் உறவினருக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு இறைச்சிப் பொட்டலத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ மட்டும் சரின்னு சொல்லியிருந்தா இன்னிக்கு அந்த மேடையில நீ இருந்திருப்ப. வீடு தேடி வந்தேன். உனக்கு இஷ்டமில்லன்னு உங்கண்ணன் முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டான்."

அண்ணனிடம் அவள் தொலைபேசியில் கேட்கவில்லை. கிழவர் ஏதோ குழப்பிச் சொல்கிறார் என்று நம்ப மனதில் ஓர் இடம் விட்டுவைத்திருந்தாள்.

இப்போது கேட்டாள். "எந்தத் தப்பு?"

"என்னது?"

"மன்னிச்சிரச் சொன்னியே. எந்தத் தப்பைன்னு பேர் சொல்லு."

"இதென்ன போலீஸ் ஸ்டேஷனா?" என்றாள் நூர்மலா.

"தியுர்மா பேர் சொல்லித்தானே கேட்டா, அண்ணி. பிஸ்கட்டுன்னு சொன்னா."

சஹாலா சிகரெட் பெட்டியை எடுத்தான், திரும்பச் சட்டைப்பையில் வைத்தான். "போன வருசமே நீ மன்னிச்சிட்ட. எல்லாரும் கேட்டாங்க. முடிஞ்சதைக் கிளறக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

கிழவர் குழப்பினார் என்று நம்ப அவள் விட்டுவைத்திருந்த இடமும் போயிற்று.

"எனக்குத் தெரியாததை நான் எப்படிண்ணே மன்னிச்சிருப்பேன்?"

அம்மாதான் பேசினாள்.

"அவன விடு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

லம்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"போன கிறிஸ்துமஸுக்கு இவன் வந்திருந்தப்பதான் மனஹான் வந்தாரு, நீ பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளை அனுப்பிருன்னு இவன்கிட்ட சொன்னேன். நீ போயிட்டா என்னை யாரு குளிப்பாட்டுவா? இவ பெகாசியிலேர்ந்து வந்து செய்வாளா?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க அத்தை?" என்றாள் நூர்மலா.

"நான் மாட்டேன்னுதான் மொதல்ல சொன்னேன்" என்றான் சஹாலா.

"ஆனா சொன்ன" என்றாள் லம்ரியா.

"சொன்னேன்."

அண்ணன்மேல் கோபப்பட அவளுக்கு இரண்டு மாதம் கிடைத்திருந்தது. அம்மாதான் காரணம் என்பதற்கு அவள் தயாராக இல்லை. பின்சார் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மாதங்களில், தலை சீவிவிடும் மகளிடம் இதே அம்மா சொல்லியிருக்கிறாள்: உனக்குன்னு ஒருத்தர ஆண்டவர் வச்சிருப்பாரு, பொறுமையா இரு. சீப்பு தலையில் இருக்கும்போதே சொன்னாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவளும் பொறுமையாகத்தான் இருந்தாள். பிறகு அது கசந்தது. காலையில் போதகர், வருடங்கள் மாறும், நாம் மாறுவோம், கர்த்தருடைய அன்பு மாறாது என்று பிரசங்கித்தபோது, அவள் பாடகர் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு மாறாமல் இருக்கலாம், என்னை மறந்துவிட்டாரே என்று ஒரு வருடமாக அவரோடு மனத்தாங்கல். ஜெபத்தில் நன்றி சொல்வதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

அவர் மறக்கவில்லை. கேட்டதற்குப் பதில் மனஹான் உருவில் வந்திருக்கிறது, காலில் செருப்போடு, இதே வாசல்வரை. வீட்டில் இருந்தவர்கள் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பழியை மட்டும் ஆண்டவர் சுமந்திருக்கிறார்.

"மன்னிச்சேன்னு சொல்லு, லம்ரியா" என்றாள் அம்மா. "சோறு ஆறுது."

"வராத வார்த்தைய இந்த வருசம் சொல்ல மாட்டேம்மா. போன வருசம் சொன்னதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

"அப்படி ஒரு வழக்கமே கிடையாது" என்றான் சஹாலா.

"பேர் சொல்லாம மன்னிப்பு வாங்கறதும் வழக்கம் கிடையாதுண்ணே."

தியுர்மா நூர்மலாவின் மடியில் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் புத்தாண்டுப் பாட்டுத் தொடங்கியிருந்தது.

லம்ரியா கையைக் கூப்பிக்கொண்டாள். "என் முறை இன்னும் பாக்கி இருக்கு. பேசிடறேன். நான் மன்னிப்புக் கேக்க வேண்டியது ஒருத்தர்கிட்டதான்." கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நீங்க என்னை மறந்துட்டீங்கன்னு ஒரு வருசமா சொன்னேன். அது பொய். மன்னிச்சிருங்க. நீங்க மாறல. இந்த வருசம் நான் சாஞ்சுக்க உங்களத் தவிர யாரும் இல்ல. இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. எப்ப வருமோ, நீங்கதான் தரணும். இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. தியுர்மா மட்டும் பாதி சொல்லி, நூர்மலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் இன்னும் பேசலயே" என்றாள் அம்மா.

"பேசிட்டீங்கம்மா."

லம்ரியா மீன் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். வட்டம் முடியாமல் மூடி திறந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. குழந்தைக்குப் போட்டாள், அண்ணிக்குப் போட்டாள். அம்மாவின் தட்டில் நடுத்துண்டை வைத்தாள். மசாலாவில் ஊறிய கெண்டை, மயிர்போல முள். அம்மாவுக்குக் கண் மங்கலானதிலிருந்து ஒவ்வொரு வாயும் லம்ரியாவின் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தத் தட்டை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"அம்மாவுக்கு முள் பாத்து எடுத்துக் குடு."

"நானா?"

"ஞாயித்துக்கிழமை நீ கெளம்பறதுக்குள்ள அம்மாவ யாரு பாத்துக்கறதுன்னு பேசணும். அந்தப் பேச்சுல என்னையும் ஒரு ஆளா உக்கார வைங்க. இன்னிக்கு இதச் செய்."

அவன் மறுக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தான். ஒரு முள்ளை எடுத்தால் சதையும் கூடவே வந்தது. எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அம்மா மங்கிய கண்களை மகள் இருந்த பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்தபடி காத்திருந்தாள்.

லம்ரியா தன் சோற்றைப் பிசைந்தாள். பசித்தது, சாப்பிட்டாள்.