அக்கராயன் துருக்கி

யோகநாதன் மாஸ்ரர் துருக்கி படிப்பித்த விதத்தைக் கேட்டால் துருக்கியர்களே ஊரை விட்டு ஓடியிருப்பார்கள். கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஓலைக்கொட்டில், ஒரு கரும்பலகை, துருக்கிக் கப்பலில் வேலை எடுக்கலாம் என்று நம்பி வந்த ஒரு கூட்டம் பெடியன்கள். மாஸ்ரரிடம் இருந்த முதலெல்லாம், இங்கிலிஷில் எழுதிய ஒரேயொரு துருக்கி இலக்கணப் புத்தகம். எந்த மொழியானாலும் இங்கிலிஷ் வாசலால்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. முதலில் 'நான்', உடனே 'வருகிறேன்', அதற்குப் பிறகுதான் 'கப்பலுக்கு', 'நாளைக்கு'. பெடியன்களும் தேவாரம் போல அதை இழுத்துப் பாடினார்கள்.

அக்கராயனில் இருந்து வந்த முத்துலிங்கத்துக்குக் கேட்கக் கேட்க எரிச்சல். புத்தகத்தை இரவல் வாங்கி வரப்பில் குந்தியிருந்து வாசித்தவன் சிரித்துவிட்டான். 'பென்' நான், 'யாரன்' நாளைக்கு, 'கெமி' கப்பல், 'கெமியே' கப்பலுக்கு. 'கெல்' என்றால் வா. அதன் வாலில் காலத்தை ஒட்டி, அதற்குப் பின்னால் ஆளை ஒட்டினால் 'கெலியோரும்', வருகிறேன். வினை கடைசியில். அவனுடைய தாய் மீனம்மா மாட்டை ஏசுவதே இந்த ஒழுங்கில்தான்.

கப்பலுக்கு ஆள் எடுக்கும் மஹ்றூப் முல்லைத்தீவில் இருந்து வந்தார். துருக்கி அவருக்கும் தெரியாது. மாஸ்ரர் தலையாட்டினால் போதும். முத்துலிங்கத்தின் முறை வந்தபோது ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது.

"நாளைக்குக் கப்பலுக்கு வாறன் எண்டு சொல்லும்," என்றார் மாஸ்ரர்.

"பென் யாரன் கெமியே கெலியோரும்."

மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். "நீர் துருக்கி கதைக்கிறீரோ, அக்கராயன் கதைக்கிறீரோ?"

"துருக்கி இப்பிடித்தான் சேர். எங்கட தமிழ் மாதிரித்தான் வசனம் போகும்."

"தமிழ் மாதிரியெண்டால் ரியூசன் என்னத்துக்குக் காணும்? உம்மட வீட்டு மாடும் கப்பல் ஏறலாமே."

கொட்டில் சிரித்தது. மஹ்றூப் மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, சேர் சொல்லித் தந்தமாதிரிச் சொல்லுங்கோ. எனக்கு பஸ் போயிரும்."

முத்துலிங்கம் மாஸ்ரரின் எண்ணெய் வழிந்த முகத்தைப் பார்த்தான். சிரித்த வாய்களைப் பார்த்தான். இவர்கள் நடுவில் இன்னொரு வருசமா? கதைப் புத்தகங்களில் மட்டும் அவன் கண்ட துருக்கிக் கடலும் கோபுரங்களும் கண்ணில் வந்தன.

"பென் கெலியோரும் கெமியே யாரன்."

"அது. அதுதான் துருக்கி."

மஹ்றூப் பெயரைக் கேட்டு எழுதினார். மாஸ்ரர் கை நீட்டினார், ஈரக் கை. மற்றவர்களெல்லாம் தெரியாமல் பிழை சொன்னவர்கள். அந்தக் கொட்டிலிலேயே மட்டமானவன் யார் என்று முத்துலிங்கத்துக்கு இப்போது விளங்கியது.

"பெரிய உதவி சேர்," என்று அந்தக் கையைப் பிடித்தான்.