சாது பெற்ற எட்டுப் பேர்

அந்தப் பண்ணையில் இனப்பெருக்கத்துக்கென்று இரண்டு ஆண் பன்றிகள் இருந்தன. ஒன்று பயில்வான், இன்னொன்று சாது. ஒன்று போதும், மற்றதைக் கறிக்கு லாரியில் ஏற்றிவிடலாம் என்றான் தம்பி. சாதுவைக் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அக்கா. அன்று காலை அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, கண்ணுங்களா.

தேர்ந்தெடுக்க அவர்களிடம் ஒரே வழிதான். இரண்டுக்கும் எட்டெட்டு மகன்கள், தனித்தனிக் கொட்டிலில். ஒவ்வொரு கொட்டிலிலும் ஆகப் பெரியதை மட்டும் தராசில் ஏற்றிக் கரும்பலகையில் எழுதுவார்கள். பயில்வான் மகன் நூற்றிருபது கிலோ. சாது மகன் நூற்றொன்று.

"முடிஞ்சுது. உன் செல்லப்பிள்ளை தோத்துட்டான்," என்று தம்பி சாக்கட்டியை வைத்தான்.

"எப்படிடா முடியும்? தீனித் தொட்டியில ஒரு நேரத்துல ஒரு தலைதான் நுழையும். அந்த நூத்திருபது கிலோ தடியன் நுழைஞ்சா வெளிய வர்றதே இல்ல. கிட்ட வர்றவன் காதைக் கடிக்கறான். சாது பசங்க நாலு வாய் தின்னுட்டு விலகிக்கறானுங்க. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. எல்லாரையும் ஏத்திப் பாரு!"

"பதினாறையுமா? லாரிக்காரர் காத்திருக்காரு, அக்கா!"

"நான் சும்மாதாம்மா நிக்கறேன்," என்று லாரிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பன்றிகளைத் தள்ள வந்தார்.

ஒன்று வழுக்கியது, ஒன்று தராசிலேயே படுத்துக்கொண்டது, ஒன்று தம்பியின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. வெயில் உச்சிக்கு வரும்போது அக்கா கூட்டிப் பார்த்தாள். பயில்வான் பிள்ளைகள் அறுநூற்றுத் தொண்ணூறு. பெரியவனைத் தவிர ஏழும் நோஞ்சான்கள், காதெல்லாம் வடு. சாது பிள்ளைகள் எழுநூற்றுத் தொண்ணூறு. ஒன்றுக்கொன்று ஒரு கிலோ, இரண்டு கிலோதான் வித்தியாசம்.

தம்பி இரண்டு தரம் கூட்டினான். தலையைச் சொறிந்தான்.

"நூறு கிலோ கூட! கொட்டில்ல ஒன்பதாவதா ஒருத்தன் ஒளிஞ்சிருந்த மாதிரியில்ல இருக்கு?"

"அவன் இத்தனை நாளா உன் கண்ணுக்குத்தான் தெரியல," என்றாள் அக்கா.

லாரிக்காரர் சிரித்தார். "எங்க வீட்டுல நாங்க அண்ணன் தம்பி நாலு பேரும் பயில்வானுங்க. சாதுவை ஒரு வாரத்துக்குக் குடுங்க, பந்தியில உக்கார வச்சுக்கறேன்."

தம்பி போய், லாரியில் ஏற்றப் பயில்வானின் கதவைத் திறந்துவிட்டான். பிறகு ஒற்றைச் செருப்போடு சாதுவிடம் வந்து, முதுகை வறட்டு வறட்டென்று சொறிந்துகொடுத்தான்.

"மெதுவாடா, தோல் உரியப்போகுது," என்றாள் அக்கா. அவளுக்கு அப்போதுதான் நல்ல பசி எடுத்தது.