குளிர் குறையக் கூடாது

தைலம்மாளுக்கு நெறி கட்டிக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று சேதி வந்தபோது பவுனாம்பாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்தவள் காய்ச்சலில் சந்தோஷப்படுகிற பிழைப்பாகிவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பவுனாம்பாள் டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படித்து, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர் பட்டம். அவள் பிடித்துக்கொண்டு தொங்கியது யானைக்கால் நோயை. கொசு கடித்து உடம்புக்குள் போகிற புழுதான் காலை வீங்க வைக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இவள் வேறு மாதிரி சொன்னாள். புழு பாட்டுக்குக் கிடக்கிறது. அதை விரட்டுகிறேன் பேர்வழி என்று ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஆத்திரப்பட்டு மோதுகின்றன. அந்த ஆத்திரத்தில் வருகிற அழற்சிதான் காலைக் கெடுக்கிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது, தடித்தது திரும்ப வற்றுவதில்லை. இதுதான் அவள் கட்சி.

மெட்ராஸில் தலைமை விஞ்ஞானி கோதண்டபாணி இதைக் கேட்டுச் சிரித்தார். "திருடனை விட்டுட்டுப் போலீஸ்காரனைப் பிடிக்கச் சொல்றீங்களேம்மா" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் மோசமானவர் இல்லை. ஆதாரம் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் இந்த மாதம் முடிவதற்குள் கேட்டார். இல்லையென்றால் விழுப்புரத்து ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள், பவுனாம்பாளின் தற்காலிக வேலையும் அதோடு போய்விடும். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில்வே லைனை ஒட்டி ஒரு வாடகை வீடு, ஒரு மைக்ராஸ்கோப், கரண்ட் இருந்தால் ஓடுகிற இரண்டு மிஷின்.

அந்த ஆதாரத்துக்கு, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது, வீக்கத்தை அடக்குகிற மாத்திரை உள்ளே போவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் வேண்டும். அதிலுள்ள வெள்ளை அணுக்கள் உயிரோடு மைக்ராஸ்கோப்புக்கு வந்து சேர வேண்டும். இரண்டு வருஷம் நாயாய் அலைந்தும் கிடைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஜனங்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்வார்களா, இவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்களா?

தைலம்மாள் கிடந்தாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரி, திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். மார்க்கெட்டுக்குப் பின்னால் தம்பி சுப்புராயன் மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அறையில், வீங்கிய காலைச் சாக்கு மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ வர்ற வரிக்கும் மாத்திரைய தொடலம்மா" என்றாள். "காலு நெருப்புல வெச்ச மாதிரி எரியுது. போவட்டும். எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு இந்தக் காலுதான். எதுனா ஒண்ணு கண்டுபுடிச்சிச் சொல்லு."

முதல் பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம் என்று விடிந்ததும் பவுனாம்பாள் ரத்தம் எடுத்தாள். "இனிமே மாத்திரை போட்டுக்குங்கக்கா" என்று அட்டையை அவள் கையில் திணித்தாள். தைலம்மாள் தலையை ஆட்டினாள்.

வெளியே வந்தால் ஊரே அடங்கிக் கிடந்தது. அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக மறியல் தொடங்கியிருந்தது. மெட்ராஸ் ரோடு நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, ரயிலும் இல்லை. கையில் ரத்தக் குழாய்களோடு பவுனாம்பாள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது.

சுப்புராயன்தான் வழி சொன்னான். "நான் கொண்டாந்து வுடறேன் டாக்டரம்மா. சைக்கிள தூக்கிக்கினு எந்த மரத்தையும் தாண்டிடலாம்."

தன் மீன் பெட்டி ஒன்றைக் கழுவி, அடியில் ஐஸ் பரப்பி, மேலே மரத்தூளும் துணியும் போட்டுக் குழாய்களை வைத்தான். கேரியரில் கட்டினான். அவளுக்கும் ஒரு வாடகை சைக்கிள் பிடித்துக் கொடுத்தான். கிளம்பும்போது பவுனாம்பாள் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "குளுரு மட்டும் கொறையக் கூடாது அண்ணே. குளுரு போச்சின்னா எல்லாம் போச்சு."

பாதியைத்தான் சொன்னாள். ரத்தம் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஐஸாக உறைந்துவிடவும் கூடாது. உறைந்தால் அணுக்கள் வெடித்துச் சாகும். அவ்வளவு படித்தவளுக்கு அந்த மீதிப் பாதியைச் சொல்லத் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைப்பது படித்தவர்களுக்கு வருகிற வியாதி.

வெயில் மண்டையைப் பிளந்தது. மரம் வந்த இடமெல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தூக்கினார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் புடவை கிளையில் மாட்டிக் கிழிந்தது, உள்ளங்கை கொப்பளித்தது. அணுக்கள் செத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில் அவளால் நின்று தண்ணீர் குடிக்கவும் முடியவில்லை.

விக்கிரவாண்டியில் வழியை மறித்தார்கள்.

"சைக்கிளும் கெடையாதும்மா. திரும்பிப் போங்க" என்றார் முன்னால் நின்றவர்.

சுப்புராயனை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். கெஞ்சினாள், அதட்டினாள், மறுபடி கெஞ்சினாள். "பொட்டில ரத்தம் இருக்குதுங்க. நேரமானா செத்துப்பூடும்" என்றாள்.

"யாருக்கு ரத்தம்?"

குப்பத்துக்கு என்று சொல்லலாம், நாட்டுக்கு என்று சொல்லலாம். மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். "எனக்குத்தான்" என்று சொல்லி உடைந்து அழுதுவிட்டாள். அந்த மனிதர் அவள் கிழிந்த புடவையையும் கையையும் பார்த்தார். வழி விடச் சொன்னார்.

விழுப்புரம் வந்து சேர்ந்தபோது மதியம் திரும்பியிருந்தது. நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. சுப்புராயன் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"தொட்டுப் பாருங்க டாக்டரம்மா. குளுரு கொறைய வுடல. நீங்க வெக்கிரவாண்டியில பேசிக்கினு இருந்தீங்கல்ல, அப்பப் பாத்தா ஐஸு பாதி தண்ணியாப் பூட்ச்சி. சோடாக் கடையில புது ஐஸு வாங்கி, நம்ம மரக்காணத்து உப்பக் கலந்து கொட்டி, குழாய அதுக்குள்ளயே பொதச்சிட்டேன். உப்பு போட்டா குளுரு ஏறும்ங்க. மீனு கல்லு மாதிரி நிக்கும்."

பவுனாம்பாள் ஒரு குழாயை எடுத்தாள். ரத்தம் கட்டையாக உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இளகியபோது அது ரத்தமாகவே இல்லை, ஆரத்தித் தண்ணீர் மாதிரி கண்ணாடிச் சிவப்பாக இருந்தது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முழுசாக ஒரு அணு இல்லை. அடுத்த குழாயிலும் இல்லை. அவன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் போயிற்று, வேலை போயிற்று, கோதண்டபாணி சிரிக்கப் போகிறார் என்று மட்டும் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்லபடியா சேந்துச்சிங்களா?" என்று வாசலில் இருந்து சுப்புராயன் கேட்டான். "எதுக்குக் கேக்கறேன்னா, அக்கா இன்னும் மாத்திரை போடல. நான் போய்ச் சேதி சொன்னாத்தான் போடுவேன்னு படுத்துக்கினு கீது. வழியில எதுனா ஆயிட்டா டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுக்கணும், மாத்திரை போட்டுட்டா வீணாப்பூடும்னு சொல்லிச்சி. இன்னும் ரெண்டு நாளு வேணாலும் தாங்குமாம்."

பவுனாம்பாள் நிமிர்ந்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தாங்கச் சொல்லு என்றால் போதும், இவனோடு இப்போதே கிளம்பிவிடலாம். இந்தத் தடவை உப்பு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதே நேரத்தில் தைலம்மாளின் கால் கண்முன்னே நின்றது. இரண்டு நாள் அழற்சி அடங்காமல் எரிந்தால் அந்தக் கால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தான் சொல்வது பொய் என்றால் தைலம்மாளைக் காத்திருக்கச் சொல்லலாம். பொய் என்றால் ஆதாரமே தேவையில்லை. மெய் என்றால் காத்திருக்கச் சொல்லக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான் விழுந்தது.

"சேந்துச்சு அண்ணே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நல்லபடியா சேந்துச்சு. ஜல்தி போங்க. போன ஒடனே மாத்திரை போடச் சொல்லுங்க."

அவன் சிரித்தான். சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். "என்னா கண்டுபுடிச்சாங்கன்னு அக்கா கேக்குமே. என்னான்னு சொல்லட்டும்?"

"காய்ச்சல் வந்தா மாத்திரை போடாம இருக்கவே கூடாது. இருந்தா காலு இன்னும் தடிச்சிப்பூடும். அதைத்தான் கண்டுபுடிச்சேன்னு சொல்லுங்க."

அவன் அதை மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினான்.