வெயில் சரமும் கறிக்கடை அக்காவும்

லாரிக்காரன் அடித்தால் பின்னாலிருந்துதான் அடிப்பான். முகத்தைப் பார்த்தால் கை ஓடாது என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பெண்டாட்டியின் முதுகு எப்போது திரும்பும் என்று காத்திருந்து அடிப்பான். கடைசியாக அடித்தது ஜாக்கிக் கம்பியால். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, உடுத்திய துணியோடு அவள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அக்காவுக்குக் கறிக்கடையில் வேலை. எலும்பு வெட்டுகிற மேடை அவளுடையது. வாசலில் நின்றால் கதவே தேவையில்லை, அப்படி ஓர் உடம்பு. கோபமோ மூக்குக்கு மேல் வரும். தங்கையின் தோளைப் பார்த்த அன்றே கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளைத் தெருவே சேர்ந்து பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி அவன் நிழல்கூடத் தங்கை மேல் விழக்கூடாது என்று அக்கா அன்றைக்கு முடிவு செய்தாள். தங்கையை விட்டால் அவளுக்கென்று வேறு யாரும் இல்லை.

தங்கை தூங்கும்போதுகூட, "நான் ஒண்ணும் பண்ணலங்க, நான் ஒண்ணும் பண்ணலங்க" என்று முனகுவாள். கேட்கிற அக்கா எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னார். அக்கா பழைய சாமான் கடையில் உடைந்த சரவிளக்கு ஒன்றைப் பிடித்துக் கோணியில் போட்டுத் தூக்கிவந்தாள். தங்கை அதன் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தாள். துளி வடிவம் தனியாக, எட்டுப் பட்டை தனியாக, குண்டு தனியாகப் பிரித்தாள். தூண்டில் நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நல்ல கையால் கல்லைக் கோத்து, அது நழுவாமல் இருக்கப் பொடிப் பித்தளைக் குழலை மாட்டிக் குறடால் நசுக்குவாள். சரம் நேராகத் தொங்க அடியில் கனமான கல். மேற்கு ஜன்னலில் வரிசையாக மாட்டியதும், சாயங்கால வெயில் உள்ளே வந்து எதிர்ச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வானவில் துண்டுகளாக விழுந்தது. வெயில் சரம் என்று தங்கை அதற்குப் பெயர் வைத்தாள்.

ஆனால் அவள் ஜன்னலைப் பார்த்து உட்காரவில்லை. மேசையைச் சுவரோடு போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, தெருவைப் பாத்து உக்காந்தா தெரு உன்னைத் தின்னுடுமா?" என்றாள் அக்கா.

"தெருவைப் பாத்தா பயமா இருக்குக்கா. சுவரே போதும். யாராவது ஜன்னலைத் தாண்டிப் போனா இங்க கலர் அணையும். அந்தப் பக்கம் ஓரமா அணைஞ்சா தபால்காரர். கீழ் வரிசை மட்டும் அணைஞ்சா பள்ளிக்கூடத்துப் பசங்க."

"நான் வந்தா?"

"நீ வந்தா மொத்தமா கரண்ட் போயிடும்."

சொல்லிவிட்டுத் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அக்கா வேலை முடிந்து வரும்போது வேண்டுமென்றே ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பாள். சுவர் இருண்டதும் உள்ளேயிருந்து, திரும்பிப் பார்க்காமலே, "வாக்கா, கதவு திறந்துதான் இருக்கு" என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்கவே அக்கா வேகமாக நடந்து வருவாள்.

தோள் கட்டை அவிழ்க்கிற நாளன்று லாரிக்காரன் போன் செய்தான். எடுத்தது அக்கா.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? சாயங்காலம் வரேன். என் பொருளை நான் எடுத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்."

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஊருக்கெல்லாம் அவன் தங்கமான பிள்ளை.

அக்கா தங்கையிடம் மூச்சு விடவில்லை. எதிர்வீட்டு டீச்சரைத் துணை சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கடைக்கு லீவு சொன்னாள். கத்தியைக் கடையிலேயே விட்டிருந்தாள். கையில் கத்தி இருந்தால் வெட்டிவிடுவாள் என்று அவளுக்கே தன்னைப் பற்றித் தெரியும். அவனுக்கு ஒரே ஓர் அடி, இனி இந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காத அளவுக்கு ஓர் அடி. அவ்வளவுதான் அவள் நினைத்தது. மேசைமேல், சரவிளக்கின் அடியில் தொங்கிய குண்டுக் கல் இன்னும் கோக்காமல் கிடந்தது. கைப்பிடிக்கு அடங்காத பருமன், நல்ல கனம். அதைத் துண்டில் வைத்து முடிந்துகொண்டாள். தங்கையின் நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, அவளுடைய போர்வையைப் போர்த்தி, குனிந்து வேலை செய்கிற முதுகு மாதிரி ஆக்கினாள். கதவைத் தாழ்போடாமல் சாத்திவிட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

அங்கிருந்து ஜன்னல் தெரியாது. சுவர் தெரியும்.

வெயில் இறங்கியது. நிறங்கள் வந்தன. கீழ் வரிசை அணைந்து எரிந்தது, பள்ளிக்கூடத்துப் பசங்கள். பிறகு நடு வரிசை அணைந்தது. அணைந்தது அணைந்தபடியே இருந்தது. யாரோ ஒருவன் நின்று உள்ளே பார்க்கிறான். அக்கா துண்டின் முனையை இறுக்கிப் பிடித்தாள். நிறங்கள் திரும்ப வந்தன, கதவு சத்தமில்லாமல் திறந்தது.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். பேச்சு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய், கால்களை அகட்டி நின்று, ஜாக்கிக் கம்பியைத் தூக்கி இறக்கினான். முறிந்து கூடிய அதே தோள் இருக்க வேண்டிய இடத்தில், குறி தப்பாமல் இறக்கினான். தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது.

இத்தனை நாளும் தங்கை சொல்லக் கேட்டதுதான். இப்போது அக்கா கண்ணால் பார்த்தாள். ஒரே ஓர் அடி என்ற கணக்கு அந்த நிமிஷமே காற்றோடு போனது.

துண்டுக் கல்லின் முதல் வீச்சு அவன் மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே எலும்பு உடைந்த சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். கம்பி தரையில் உருண்டது. அவன் திரும்பிப் பார்த்து, "அண்ணி..." என்பதற்குள் இரண்டாவது வீச்சு முழங்காலில் விழுந்தது. ஆள் சரிந்தான். சரியும்போது ஜன்னலைப் பிடித்துக்கொள்ளப் பார்த்து, சரங்களை இழுத்துவிட்டான். இரண்டு சரம் அறுந்து கற்கள் சிதறின, மிச்சம் சுழன்று ஆடியது. சுவரிலும் கூரையிலும் அவன் முகத்திலும் நிறங்கள் தாறுமாறாக ஓடின.

"போதும் அண்ணி, போயிடறேன். சத்தியமா இனிமே வரமாட்டேன்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. அவன் முதுகைத் திருப்பி வாசல் பக்கம் தவழ்ந்தான், அவள் அந்த முதுகில் அடித்தாள். "பின்னாலருந்து எப்படி இருக்கு? சொல்லுடா, எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். துண்டு சிவந்து நனைந்து கையில் வழுக்கியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அவள் சிரித்துக்கொண்டுகூட இருந்தாள்.

டீச்சர் அலறிய பிறகுதான் தலை நிமிர்ந்தாள். வாசலில் டீச்சருக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுடி கண்ணு, இனிமே வரமாட்டான்" என்று அக்கா அவள் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

தங்கை சட்டென்று குனிந்தாள். அன்றைக்குத்தான் கட்டு அவிழ்த்த கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். பெண்பிள்ளையிடம் அடிவாங்கியதை வெளியே சொன்னால் மானம் போகுமே என்று, லாரியிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிவைத்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது.

தங்கை கற்களைப் பொறுக்கி, கழுவி, மறுபடி கோத்தாள். குண்டுக் கல்லையும் கழுவி நடுவில் மாட்டினாள். சுவர் முன்னைவிட அழகாக இருந்தது. அக்காவிடம் அவள் நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள், சொன்ன வேலையைச் செய்தாள். சொல்லாததையும் முந்திக்கொண்டு செய்தாள். அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது.

ஒரு சாயங்காலம் அக்கா பழையபடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றாள். கரண்ட் போயிடுச்சு என்று சிரிப்பாள், வாக்கா என்பாள் என்று காத்திருந்தாள். சுவர் மொத்தமாக அணைந்தது. மேசையில் குனிந்திருந்த தங்கையின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. குறடு அப்படியே கையில் நின்றது. வானவில் இருந்த இடத்தில், சுவர் நிறைய அக்காவின் நிழல் நின்றது.

அக்கா விலகிப்போய்த் தெருக்குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். கறிக்கடைக்காரி அழுவதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வரும்போது, தன் வீட்டு ஜன்னல் கிட்ட வந்ததும் அவள் பையை இறக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பை மடக்கிக் குனிந்து, ஜன்னலுக்கு அடியில் தவழாத குறையாகப் போகிறாள்.

"என்ன, சொந்த வீட்டுக்கே திருட வந்த மாதிரி போறே?" என்று தபால்காரர் கேலி செய்கிறார்.

"சும்மா இருங்க, சத்தம் போடாதீங்க" என்கிறாள் அவள்.

தலைக்கு மேல் சரங்கள் அசைகின்றன. உள்ளே ஒரு நிறம்கூட அணைவதில்லை. கதவருகே போய் நிமிர்ந்து, மூச்சு வாங்கி, மெதுவாகச் சொல்கிறாள்: "நான்தான்டி. அக்கா."